குள்ளனின் கைபேசி

இந்த நாற்காலி நன்றாக இருக்கிறது. என் அறையில் இருந்ததற்குச் சாய்மானம் உடைந்து இரண்டு வருடமாகிறது. யாரிடமும் சொல்லவில்லை, சொல்லி என்ன ஆகப்போகிறது. விசாரணை என்று கூப்பிட்டிருக்கிறீர்கள், நீங்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். அலுப்பாக இருக்கிறது, அதனால் மெதுவாகத்தான் வரும்.

அணியில் என்னைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. 'கணக்கு' என்பார்கள். "கணக்கு வர்றாரு, ஒழுங்கா நில்லுங்கடா" என்று கோச் சொன்னால் பையன்கள் சிரிப்பார்கள். கூடைப்பந்து என்றால் உயரமும் குதிப்பும் என்று நினைப்பீர்கள். நான் பார்ப்பது வேறு. யார் எந்த மூலையிலிருந்து எறிந்தால் நூற்றுக்கு எத்தனை விழும், எவ்வளவு தூங்கினால் கடைசிப் பத்து நிமிடத்தில் கால் தளராது, இதெல்லாம். ஒன்பது வருடம் இதைச் செய்தேன். என் தாள்களைக் கோச் பாதி நாள் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை.

இறுதிச் சுற்றின்போது வீரர்களிடமிருந்து கைபேசியை வாங்கி வைப்பது என் யோசனை. அதை மட்டும் கோச் ஏற்றுக்கொண்டார். போன் இல்லாவிட்டால் நாற்பது நிமிடம் கூடுதலாகத் தூங்குகிறார்கள்; கையில் கட்டியிருக்கும் பட்டை அதைப் பதிவு செய்கிறது. அந்தப் பதிவு அவரவர் போனுக்குத்தான் போகும். அதனால் எல்லாப் போன்களும் என் அலமாரியில் உயிரோடு இருக்கும், திறக்கும் எண்களும் எனக்குத் தெரியும்.

குள்ளன் ஆறடி ஒரு அங்குலம். எங்கள் அணியில் அதுதான் குட்டை. போனைக் கொடுக்கும்போது கொஞ்சம் தயங்கினான்.

"அம்மாவுக்கு அப்பப்ப மூச்சு வாங்கும் சார். அக்கா கூட இருக்கு. இருந்தாலும் ஏதாவது அவசரம்னா..."

"நான் சொல்றேன். நீ போய்ப் படு" என்றேன்.

ஏழு ஆட்டங்களில் நான்கை வென்றால் கோப்பை. மூன்றாவது ஆட்டத்தன்று காலை அக்காவிடமிருந்து செய்தி வந்தது. "அம்மாவை ஆஸ்பத்திரில சேத்திருக்கோம். டாக்டர் பிடி கொடுத்துப் பேசல. ஒரு எட்டு வந்துட்டுப் போயிடுடா."

நான் கல் நெஞ்சுக்காரன் இல்லை. எழுந்து கதவு வரை போனேன். பிறகு திரும்பி வந்து பழைய தாள்களை எடுத்தேன். போன வருடம் அவன் அப்பா இறந்தபின் ஆடிய நான்கு ஆட்டங்களில், நூற்றுக்கு நாற்பத்தொன்றாக இருந்த தூர எறிதல் இருபத்தாறுக்கு விழுந்திருந்தது. அவன் விழுந்தால் கோப்பை போகும். பதினைந்து பேரின் ஒரு வருட உழைப்பு. ஒரு தட்டில் அது, இன்னொரு தட்டில் ஒரு பயணம். நீங்களாக இருந்தாலும் யோசித்திருப்பீர்கள்.

அவன் பெயரில் பதில் போட்டேன். "இப்போது கிளம்ப முடியாது, அக்கா. முடித்துவிட்டு வருகிறேன். அம்மாவிடம் சொல்லுங்கள்."

இதை யாரும் என்னிடம் செய்யச் சொல்லவில்லை. கோச்சுக்குத் தெரியாது. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அக்கா கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். "என்னடா புள்ளி கமாவெல்லாம் வச்சு எழுதறே, பெரிய மனுஷன் ஆயிட்டியா" என்று கேட்டார். பிறகு, "சரி, நல்லா ஆடு. அம்மாவை நான் பாத்துக்கறேன்." அதற்குப் பிறகு புள்ளி வைப்பதை நிறுத்திவிட்டேன்.

தினமும் எழுதினார். அம்மா இரண்டு வாய் கஞ்சி குடித்தது, நர்சோடு சண்டை போட்டது, டிவியில் அவனைப் பார்த்துவிட்டு இளைத்துவிட்டான் என்று சொன்னது. அழைப்பும் வரும். எடுக்க முடியாதே, குரல் மாறுமே. "பயிற்சியில இருக்கேன்க்கா" என்று போடுவேன். நான் தனி ஆள். ஆணி அடித்தாற்போல் ஒரே அறையில், ஒரே திரைக்கு முன்னால் மூன்று வேளையும் உட்கார்ந்திருப்பவன். பன்னிரண்டு வயது இளையவரை அக்கா என்று எழுதுவது முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு இல்லை.

புதன்கிழமை அம்மாவே பேசிக் குரல் பதிவு அனுப்பினார். "கண்ணு... உன் குரலை ஒரு தடவை கேக்கணும்ப்பா." அவ்வளவுதான், மீதியெல்லாம் மூச்சு. அதை நாற்பத்து மூன்று முறை கேட்டிருப்பதாக உங்கள் தாளில் இருக்கிறது. இருக்கலாம். நான் எண்ணவில்லை.

வியாழக்கிழமை மதியம் ஆறாவது ஆட்டத்தில் ஜெயித்துக் கோப்பையை வாங்கினோம். குள்ளன் முப்பத்திரண்டு புள்ளி எடுத்தான். வியர்வையோடு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு போனைக் கேட்டான். பேட்டரி உப்பிவிட்டது, ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வரும் என்றேன்.

"அக்கா நம்பர்கூட மனப்பாடம் இல்ல சார், உங்ககிட்ட இருக்குமே. நான் ஞாயித்துக்கிழமை வரேன்னு நீங்களே சொல்லிடறீங்களா? வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

"இப்பதான் பேசினேன். நல்லா இருக்காங்க."

சனிக்கிழமை வரை பாராட்டு விழாக்கள் இருந்தன, அவன் அதற்குப் போனான். நான் அறைக்கு வந்தேன். அக்கா எழுதியிருந்தார்: "ஜெயிச்சாச்சு இல்ல, இப்பவாவது கிளம்புடா." நான் "கிளம்பிட்டேன்க்கா" என்று போட்டேன். வெள்ளிக்கிழமை "பாதி வழியில இருக்கேன்" என்று போட்டேன். அம்மா கதவையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பதாகப் பதில் வந்தது. சனிக்கிழமை காலை அம்மா போய்விட்டார்.

அன்று நான் அழுதேன். என் சொந்த அம்மாவுக்குக்கூட அப்படி அழுததில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனைத் திருப்பிக் கொடுத்தேன். வரிசையாகப் படித்தான். என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

நீங்கள் மூன்றாவது தடவையாக அதையே கேட்கிறீர்கள். கோப்பைக்காக என்றால், வியாழக்கிழமையே கோப்பை வந்துவிட்டதே, பிறகு ஏன் மூன்று நாள் என்று. சொல்கிறேன். போனைக் கொடுத்துவிட்டால் அக்கா எனக்கு எழுதமாட்டார். அதுதான். அதற்குத் தாள் எதுவும் இல்லை.

ஆனால் அவர் பெரிய மனசுக்காரர், பதினோரு நாள் பழகியதில் எனக்குத் தெரியும். நேற்று என் சொந்த எண்ணிலிருந்து, "மனசைத் தேத்திக்கோங்கக்கா, தம்பி நான் இருக்கேன்" என்று அனுப்பினேன். படித்துவிட்டார். பதில் இன்னும் வரவில்லை. துக்க வீடு, வேலைகள் இருக்கும்.