கனகராஜ் ஒப்படைத்த நூற்று நாற்பத்து மூன்று கோப்புறைகள்

தலைமையேற்றிருக்கும் திரு. தேவானந்தன் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் திருமதி பிரேமலா கனகராஜ் அவர்களே, பண்டார் தெங்காராவிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்து இந்தப் பாலாய் ராயா மண்டபத்தை நிறைத்திருக்கும் குடும்பத்தாரே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம். எனக்கு ஐந்து நிமிடம் என்று தலைவர் சொல்லியிருக்கிறார். பத்து நிமிடம் ஆகும். முன்கூட்டியே சொல்லிவிடுவது மரியாதை.

நம் ஆவண உதவிக் குழுவின் செயலாளர், திரு. கனகராஜ் அவர்கள், போன வியாழக்கிழமை மறைந்தார். செம்பனைத் தோட்டத்து அலுவலகத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் ஏடும் கணக்கும் எழுதும் கிராணியாக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு, அடையாள அட்டை இல்லாத நம் மக்களுக்காகப் பத்தாண்டுகள் காகிதம் தேடியவர். தேடிக் கண்டுபிடித்த ஒவ்வொரு காகிதத்தையும் படமெடுத்து, இணையத்தின் மேகச் சேமிப்பில் குடும்பத்துக்கு ஒரு கோப்புறையாக அடுக்கி வைத்தவர். நூற்று நாற்பத்து மூன்று குடும்பங்கள். நூற்று நாற்பத்து மூன்று கோப்புறைகள்.

அவரைக் கேலி செய்தவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். "ஃபோல்டர் கிராணி" என்று பட்டம் வைத்தவர்கள் இருக்கிறார்கள். நான் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை, தலைவர் அவர்களே.

ஏன் கேலி? ஏனென்றால் அவர் கடிதம் எழுதினார். அந்தச் சேமிப்புச் சேவையை நடத்தும் நிறுவனத்துக்கு, இன்னின்ன குறை இருக்கிறது, இப்படித் திருத்துங்கள் என்று முப்பத்தொரு கடிதம் எழுதினார். எத்தனை பதில் வந்தது? முப்பத்தொரு பதில் வந்தது. எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: உங்கள் கருத்துக்கு நன்றி. நானாக இருந்தால் மூன்றாவது கடிதத்தோடு நிறுத்தியிருப்பேன். அவர் நிறுத்தவில்லை.

அந்தக் கடிதங்களின் ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுத்தவள் நான். மூவாரில் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள்; ஒரு காற்புள்ளி இடம் மாறினாலும் எனக்கு உறக்கம் வராது. வெள்ளிக்கிழமை தோறும் என் வீட்டுக்கு வருவார். செருப்பை வாசலில் நேராக வைப்பார். அது எனக்குப் பிடிக்கும். ஒரு வெள்ளிக்கிழமை, ஒரே கோப்புறை இரண்டு இடங்களில் தெரியும்படி செய்யுங்கள் என்று எழுதிக்கொண்டு வந்திருந்தார். எதற்கு இரண்டு இடம், குழப்பம்தானே என்று கேட்டேன்.

"பொண்ணு கல்யாணம் கட்டிப் போய்ட்டா, அப்பா வீட்டு வரிசையில அவளுக்கு இடமில்லையா மேடம்? இந்தத் தோட்டத்துலயும் தேடுவாங்க, அந்தத் தோட்டத்துலயும் தேடுவாங்க."

கணினியைப் பற்றிய கடிதம் என்றா நினைக்கிறீர்கள்? மனிதர்களைப் பற்றிய கடிதம். கோப்புறைக்குள் எத்தனை காகிதம் இருக்கிறது என்று திறக்காமலே தெரிய வேண்டும் என்றார். அகரவரிசை வேண்டாம், நேர்காணல் தேதி நெருங்கியவர் மேலே வரட்டும் என்றார். ஒவ்வொரு வேண்டுகோளுக்குப் பின்னாலும் ஒரு முகம் இருந்தது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்ததை இப்போது சொல்ல வேண்டும். சிலருக்குத் தெரியும். முழுவதும் யாருக்கும் தெரியாது.

தை மாதத்துப் பொங்கல் முடிந்து மூன்றாம் நாள், பண்டார் தெங்காராக் குடும்பங்கள் இருபத்தாறின் கோப்புறைகள் மொத்தமாகக் காணாமல் போயிருப்பது தெரிந்தது. அதில் ஒன்று தேன்மொழியினுடையது. அதோ, மூன்றாவது வரிசையில் இருக்கிறாள். இந்த நாட்டில் பிறந்து, இந்த நாட்டிலேயே இருபத்து மூன்று வயதாகி, இன்னும் குடிமக்களுக்கான நீல அடையாள அட்டை இல்லாதவள். தாய் பிரசவத்தில் போய்விட்டார். பிறப்பைப் பதிய யாரும் போகவில்லை. அவளோடு படித்தவர்கள் காலையில் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார்கள். அவள் ஆயர் ஈத்தாமில் மண்பாண்டக் கடையில் நிற்கிறாள். அவள் பிறந்ததற்கு இருந்த ஒரே சான்று, தோட்டத்து மருத்துவமனைப் பிறப்பேட்டின் ஒரு பக்கம். ஏடு போய்விட்டது, கட்டடத்தையே இடித்துவிட்டார்கள். மிஞ்சியது கனகராஜ் எடுத்து வைத்த படம். பதிவு இலாகாவில் அவளுக்கு நேர்காணல் பத்து நாளில். படத்தைக் காணோம்.

குழு கூடியது. யார் அழித்தது என்று தலைவர் கேட்டார். எல்லோருடைய கண்ணும் ரூபினியின் பக்கம் திரும்பியது. அப்போதுதான் சேர்ந்த தொண்டூழியர், வயதில் சிறியவர், வேறு காரணம் ஒன்றும் இல்லை. நானும் பார்த்தேன். ரூபினி அழுதாள்.

கனகராஜ் ஒரு வார்த்தைதான் சொன்னார்: "யாருன்னு அப்புறம் பேசலாம் லா. மொதல்ல குப்பைத்தொட்டியப் பாப்போம்." அழித்தவை முப்பது நாள் உரிமையாளரின் கணக்கிலேயே கிடக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அரை மணி நேரத்தில் இருபத்தாறும் திரும்பி வந்தன. யார் என்று அவர் அப்புறமும் பேசவில்லை.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை வழக்கம்போல் வந்தார். கடிதத்தை என்னிடம் நீட்டிவிட்டுத் தேநீரைக் கையில் எடுத்துக்கொண்டார். நான் படித்தேன். "எங்கள் பயனர் ஒருவர், மிகக் கவனமானவர், ஒழுங்கானவர். போகிப் பண்டிகைக்குப் பழையதைக் கழிப்பது எங்கள் வழக்கம். தம் கணினியில் இருந்தது வெறும் நகல் என்று எண்ணி அதைக் கழித்தார். உங்கள் சேவை அவரிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எல்லோருடைய அலமாரியிலிருந்தும் எடுத்துவிட்டது."

போகியன்று என் கணினியைச் சுத்தம் செய்தேன். மேஜை எப்படியோ கணினியும் அப்படி இருக்க வேண்டும் என்பது என் கொள்கை. இருபத்தாறு நகல்கள் எனக்கெதற்கு என்று கழித்தேன். அவை நகல்கள் அல்ல; எல்லோருக்கும் பகிர்ந்திருந்த அசல்கள்.

"யார் இந்தப் பயனர், கனகராஜ்?" என்று கேட்டேன்.

"ஒரு ஆளு, மேடம்."

"பெயர் எழுத வேண்டாமா?"

"பேரு எழுதினா அந்த ஆளத் திருத்தச் சொல்லுவாங்க. பேரு இல்லேன்னாத்தான் அவங்க சாமானத் திருத்துவாங்க." பிறகு கேட்டார்: "இங்கிலீஷ் சரியா இருக்கா?"

இரண்டு பிழை இருந்தது. திருத்திக் கொடுத்தேன். வேறு எதுவும் சொல்லவில்லை. அன்று மட்டுமல்ல, இரண்டு ஆண்டுகள் சொல்லவில்லை.

இன்று சொல்கிறேன். அழித்தது ரூபினி அல்ல. நான். ரூபினி, நீ அழுததைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். இத்தனை பேர் முன்னிலையில் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

தேன்மொழியின் நேர்காணல் நடந்தது. இன்னும் ஒரு சான்று வேண்டும் என்றார்கள். பிறப்பை அறிந்த ஒருவரின் சத்தியப் பிரமாணம். அறிந்தவர் யார்? பிறப்பேட்டில் அந்த வரியை எழுதிய கிராணி, கனகராஜ். வரும் செவ்வாய்க்கிழமை இரண்டாவது நேர்காணல். அவரே நேரில் போய் உட்காருவதாக இருந்தது.

போகியைப் பற்றிய அந்தக் கடிதத்துக்குப் பலன் இருக்கிறதா? இருக்கிறது. இப்போது பகிர்ந்த கோப்புறையை அழிக்கப் போனால் அந்தச் சேவை நின்று கேட்கிறது: இது மற்றவர்களிடமிருந்தும் போய்விடும், சம்மதமா? நம் கடிதத்தால்தான் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். எத்தனையோ பேர் எழுதியிருப்பார்கள். அந்த எத்தனையோ பேரில் ஒருவர் இந்த ஊர்க்காரர். அது போதும்.

கடைசிக் கடிதம் எதைப் பற்றியது தெரியுமா? உரிமையாளர் இறந்தால் கோப்புறைகள் யாருக்கு என்று உயிரோடு இருக்கும்போதே குறித்துவைக்க வழி வேண்டும் என்பது. அதற்கும் நன்றிதான் வந்தது. இன்னும் எத்தனை நாள் என்று மருத்துவர் அவரிடம் சொல்லியிருந்தார். எங்களிடம் அவர் சொல்லவில்லை. ஜோகூர் பாருவில் மருத்துவமனைக் கட்டிலில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கோப்புறையாக உரிமை மாற்றினார். பிரேமலா சொன்னார்: "நர்ஸ் திட்டுறாங்க, இவரு கேக்கல. இன்னும் நாப்பதுதான், இன்னும் முப்பதுதான்னு எண்ணிட்டு இருந்தாரு."

என் கைப்பேசி நாலு நாள் மணியடித்தது. ஒவ்வொரு கோப்புறையும் என் பெயருக்கு வந்தது. அழைத்தேன்.

"என்ன இது கனகராஜ்? எனக்கு எண்பது வயசு. நான் எதற்கு?"

"மேடம், ஒரு வாட்டி அழிச்சவங்க மறுபடி அழிக்க மாட்டாங்க. மத்தவங்க இன்னும் அழிச்சுப் பாக்கல லா."

சிரித்தார். நானும் சிரித்தேன். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது.

என்னிடம் வந்த முதல் கோப்புறை தேன்மொழியினுடையது. இன்று காலை திறந்து பார்த்தேன். பதினோரு காகிதங்கள். பதினோராவது, சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் கனகராஜ் கையெழுத்திட்டது. மருத்துவமனையில் சேர்வதற்கு இரண்டு நாள் முன் தேதி. இந்தப் பெண் எங்கள் தோட்டத்தில் பிறந்தாள், ஏட்டில் எழுதியவன் நான் என்கிறது. பிரேமலா என் கையில் கொடுத்த அதன் அசல், இதோ இந்தப் பையில் இருக்கிறது. சாட்சி போய்விட்டார். சாட்சியம் போகவில்லை.

அப்படிப்பட்ட மனிதருக்கு நாம் என்ன செய்யப் போகிறோம்? படத்துக்கு மாலை போட்டாயிற்று. அது போதுமா? நான் செய்யப்போவதைச் சொல்கிறேன். முப்பத்திரண்டாவது கடிதம் நாளை போகும். உரிமையாளர் இறந்தால் என்ற அதே கேள்வியோடு போகும்; நன்றி என்று பதில் வந்தால் முப்பத்து மூன்றாவது போகும். நூற்று நாற்பத்து மூன்று கோப்புறைகளுக்கும் இரண்டாவது பொறுப்பாளர் ஒருவர் வேண்டும். ரூபினி, உன்னைக் கேட்கிறேன். யோசித்துச் சொல்லலாம்.

சரி என்று தலையாட்டுகிறாள். தலைவர் அவர்களே, குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

தேன்மொழி, செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குக் கார் உன் வாசலுக்கு வரும். ரூபினி ஓட்டுவாள். கனகராஜ் உட்கார வேண்டிய நாற்காலியில் நான் உட்காருவேன். இன்னும் ஒரு காகிதம் வேண்டும் என்றால் தேடுவோம். இன்னொரு நாள் வா என்றால் போவோம். நீல அட்டை உன் கைக்கு வரும்வரை நானும் வருவேன். சாப்பிட்டுவிட்டுத் தயாராக இரு, காத்திருக்க நேரமாகும்.