நாலு மேசை ஆடுது

— இஞ்சருங்கோ, மேசை திரும்பவும் ஆடுது. குழம்பு உங்கட வெள்ளைச் சேட்டிலதான் ஊத்துப்படப் போகுது.

— ஒரு கையால அமத்திப் பிடி கமலம்.

— அமத்திப் பிடிச்சா நண்டை எந்தக் கையால உடைக்கிறது? பன்னிரண்டு வருசம் பூட்டிக் கிடந்த ஹோட்டல். சமாதானம் எண்டு இப்பதான் திருத்தித் திறந்திருக்கினம். சல்லிக் கிராமத்தில இருந்து சைக்கிள் பாரில குந்திக்கொண்டு வந்தனான். இந்த நண்டைத் தின்னாம எழும்பமாட்டன்.

— சத்தம் போடாதை. மஹ்ரூப் தம்பி, அந்தச் சாப்பாட்டுத் தட்டை வைச்சிட்டு ஒருக்கா இஞ்ச வாங்கோ. இந்த மேசையில ஒரு கால் கட்டையோ?

— இல்ல மேசன், நம்புங்க. காலையில நாலு காலையும் அளந்துட்டன். எல்லாம் ஒரே அளவு. கடதாசி மடிச்சு வெச்சன், வழுக்கிட்டுப் போயிட்டு. பிறகு ஜன்னலோரத்து மேசையத் தூக்கிட்டு வந்து இங்க வெச்சன். அதுவும் ஆடுது! இங்க இருந்தத அங்க வெச்சன், மலை மாதிரி நிக்கிது.

— ஐயோ, அப்ப இந்த இடத்தில பேய் இருக்கு.

— பேயுமில்லைப் பிசாசுமில்லை. விஷயம் என்னெண்டால் கமலம், மேசையை மாத்தியும் ஆடுது எண்டால் பிழை மேசையில இல்லை. நிலத்தில.

— இந்த நிலம் போட்டது ஆரோ?

— நான்தான்.

— மெல்லச் சொல்லுங்கோ! முதலாளி கல்லாவில இருக்கிறார். புதுசாக் குடிபூருற வீட்டில முதல் பந்தி மேசனுக்கு எண்டு மனுசன் மரியாதையாக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுறார். மேல்மாடி வேலையும் தாறன் எண்டு சொல்லியிருக்கிறார்.

— தாறன் எண்டு சொல்லேல்லை. யோசிக்கிறன் எண்டுதான் சொன்னவர்.

— அந்த வேலை வராட்டி நீங்கள் கட்டாருக்குப் போகவேணும். பாஸ்போட் எடுத்து அலுமாரிக்குள்ள வைச்சிருக்கிறியள். ரெண்டு வருசம் நான் தனிய இருக்கவேணும். நண்டு இறங்குதில்லை எனக்கு.

— ரெண்டு நண்டு இறங்கிட்டுதே.

— அது கவலையில திண்டது.

— அக்கா, இந்த ஒரு மேசை மட்டும் எண்டா பரவாயில்ல. பன்னிரண்டுல நாலு ஆடுது. பின்னேரம் அஞ்சு மணிக்குப் பெரிய ஆக்கள் வாறாங்க. முதலாளிக்கு இன்னும் தெரியாது.

— எந்த நாலு, தம்பி?

— மண்டபம் சதுரம்தானே மேசன். ஒவ்வொரு மூலைக்கும் நடுவுல வெச்சிருக்கிற பூச்சட்டிக்கும் இடையில ஒண்டு. அந்த நாலும்தான்.

— நாலு மூலைக்கும் ஒவ்வொண்டு... ஏன் அந்த நாலு மட்டும்? கமலம், தண்ணிக் கிளாஸைப் பார், சரியப்போகுது!

— சரிஞ்சே போச்சு. துடைக்கத் துணி தாங்கோ தம்பி. பொறுங்கோ, பொறுங்கோ! தண்ணி ஓடுது பாருங்கோ. நேராப் பூச்சட்டிக்குக் கீழ.

— தம்பி, அந்தச் சுவர்ப் பக்கமும் கொஞ்சம் ஊத்திப் பாருங்கோ.

— அதுவும் பூச்சட்டிக்குத்தான் போகுது மேசன்.

— எதிர்ப்பக்கம்?

— அங்கயிருந்தும் பூச்சட்டிக்குத்தான். நல்லாத் தண்ணி குடிக்கிற பூச்சட்டி!

— இது எங்க கண்ட ஓட்டம் எண்டு எனக்குத் தெரியும். கரையில மீன் வெட்டிக் கழுவுற எங்கட மீன் வாடி! அங்க நிலம் கழுவினா இப்படித்தான், நாலு பக்கத்தாலயும் நடுக்குழிக்கு ஓடிவரும். என்ர ராசா, நீங்கள் ஹோட்டலுக்கு மீன் வாடி நிலம் போட்டிருக்கிறியள்!

— சிரிக்காதை. இருபது வருசம் வாடி வாடியா நிலம் போட்ட கை இது. மீன் கழுவின தண்ணி நிக்கக் கூடாதெண்டு சரிவா வாட்டம் வைச்சு வைச்சுப் பழகின கை. நூல் பிடிக்கேக்க என்னை அறியாம நடுவை ரெண்டு விரல் பதிச்சுப்போட்டன்.

— சாப்பிடுற இடத்தில ஆர் மீன் கழுவப் போயினம்?

— நீ இப்ப தண்ணி ஊத்தின மாதிரி ஆரும் ஊத்தினாத்தான்.

— மேசன், ஒண்டு கேக்கன். நிலம் முழுக்கச் சரிவெண்டா பன்னிரண்டும்தானே ஆடணும்?

— நல்ல கேள்வி. விஷயம் என்னெண்டால், சரிவு மேசையை ஆட்டாது. நாலு காலும் ஒரே சரிவில நிண்டா மேசையும் அந்தப் பக்கம் கொஞ்சம் சரிஞ்சு நிக்கும், அவ்வளவுதான். அந்த மெனு அட்டையைத் தாங்கோ. இப்ப இதைப் பாதி விரிச்சுப் பிடிக்கிறன். நடுவில மடிப்புத் தெரியுதே? பக்கத்துப் பக்கத்துச் சரிவு ரெண்டு சந்திக்கிற இடம் இப்படித்தான். மூலையில தொடங்கி நடுப் பூச்சட்டி மட்டும் ஒரு மடிப்பு ஓடும். நாலு மூலை, நாலு மடிப்பு.

— நாலு மேசை!

— அதுதான் தம்பி. கமலம், இந்த நெருப்புப்பெட்டியை மடிப்புக்கு மேல கோணலா வை. ஒரு மூலை அந்தப் பக்கம், எதிர் மூலை இந்தப் பக்கம். இப்ப தட்டு.

— ஆடுது.

— மடிப்பில நிக்கிற ரெண்டு காலும் பள்ளத்தில. மற்ற ரெண்டும் மேட்டில. இப்ப பெட்டியை மடிப்போட நேராத் திருப்பித் தட்டு.

— அசையேல்லை! இஞ்சருங்கோ, அசையேல்லை!

— மடிப்புக்கு இஞ்சால ரெண்டு கால், அங்கால ரெண்டு கால். ரெண்டு பக்கமும் ஒரே உயரம். பிறகென்னத்துக்கு ஆடும்? கமலம், நண்டைத் தூக்கு. தம்பி, அந்தப் பக்கம் பிடியுங்கோ. மேசையின்ர மூலை சுவரைப் பாக்கிற மட்டும் திருப்பினாக் காணும். ஆ, விடுங்கோ. இப்ப அமத்துங்கோ.

— அல்லாஹ்வே! கையால குத்தினாலும் ஆடுதில்ல மேசன்.

— இன்னொரு புதினம் பாருங்கோ. முந்தி எனக்கு முதுகுப் பக்கம் கடல். இப்ப ரெண்டு பேருக்கும் துறைமுகம் தெரியுது. அந்தா, பெரிய கப்பல் ஒண்டு.

— வடிவாத்தான் இருக்கு. மஹ்ரூப் தம்பி, மற்ற மூண்டையும் இப்படியே திருப்பிவிடலாம். முதல்ல முதலாளியிட்ட ஒருக்காப் போய்ச் சொல்லுங்கோ. நான் நிலத்தைப் பிழையாப் போட்டுட்டன் எண்டு.

— உங்களுக்கென்ன விசரோ? மேசைதான் நிண்டிட்டுதே! வாயைப் பொத்திக்கொண்டு மேல்மாடி வேலையை எடுங்கோ.

— என்னால ஏலாது கமலம். ஒளிச்சுப்போட்டு இன்னொரு வேலை கேட்க வாய் வராது. நிலத்தை உடைக்கச் சொன்னா உடைச்சு, காசு வாங்காமல் திருப்பிப் போட்டுக் குடுக்கிறன்.

— அப்ப கட்டார்?

— போகவேண்டி வந்தாப் போறன். போங்கோ தம்பி.

— சொல்லிட்டு வாறன் மேசன்.

— போயிட்டான். முதலாளி எழும்பி வந்து நிலத்தைப் பாக்கிறார்... பூச்சட்டியைத் தள்ளுறார்... தண்ணி ஊத்துறார்.

— நண்டைச் சாப்பிடு.

— நீங்கள் உடைச்சுத் தாங்கோ. நான் அவரைப் பாக்கவேணும். அவர் சிரிக்கிறாரோ, ஏசுறாரோ?

— மீசை மறைக்குது. தெரியேல்லை. தம்பி வாறான்.

— மேசன், இனிப்புக்கு வட்டிலப்பம் கொண்டு வந்திருக்கன். முதலாளி குடுக்கச் சொன்னார்.

— வட்டிலப்பம் கிடக்கட்டும் தம்பி! நிலத்தை உடைக்கச் சொன்னவரோ?

— இல்லக்கா. சண்டையில ஷெல் விழுந்து போன மேல்மாடிக் கூரைய இனிப் போடுறதில்லயாம். ஆக்கள் திறந்த வெளியில இருந்து துறைமுகத்தப் பார்த்துச் சாப்பிடட்டுமாம். மூணு மேசன்மார் வந்து நிலத்த மட்டமாப் போட்டுத் தாறம் எண்டாங்களாம், மழைத் தண்ணி எங்கால போகும் எண்டு கேட்டா ஒருத்தருக்கும் பதில் இல்லயாம். நாளைக்குக் காலையில உங்கள வேலைக்கு வரட்டாம் மேசன்: மேல்மாடிக்கும் இதே வாட்டம், இங்க பூச்சட்டி இருக்கிற மாதிரி அங்க நடுவுல தண்ணி இறங்க ஒரு குழாய், அங்கயும் மடிப்புல வாற நாலு மேசையையும் மூலை சுவரப் பாக்கிற மாதிரித் திருப்பி வெக்கிறது.