பளிங்கு வளர்ந்தால் கலியாணம்

மன்னாருக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த அம்மா சொன்னார்: "பளிங்கு வளந்தாத்தான் மகளுக்குக் கலியாணம்."

பக்கத்தில் இருந்த பெண் திரும்பினார். "என்ன பளிங்கக்கா?"

"அவள் கெமிஸ்ட்ரியில பிஎச்டி செய்யிறாளெல்லே. யாழ்ப்பாணத்தில, கம்பஸில, ஒரு குட்டிப் போத்தலுக்க ஏதோ கரைச்சு வச்சிருக்கிறாள். அது கற்கண்டு மாதிரிப் பளிங்காகினாத்தான் படிப்பு முடியுமாம். போத்தலை ஆட்டவே கூடாதாம்."

"மாப்பிள்ளை என்ன சொல்லுறார்?"

"அவர்தான் ஒவ்வொரு நாளும் கேக்கிறார், வளந்திட்டுதோ எண்டு."

அந்த அம்மாவின் போன் அடித்தது. மகள்தான். கேட்டுக்கொண்டே எழும்பி நின்றுவிட்டார்.

"வளந்திட்டுதாம்! உப்புக்கல்லளவு!"

பஸ் முழுக்கச் சிரித்தது. அந்த நேரம் பார்த்துச் சில்லு பள்ளத்தில் விழுந்து எல்லாரையும் தூக்கிப் போட்டது.

"தம்பி டிறைவர், மெல்லப் போங்கோ!" என்று கத்தினார் அவர். "ஆட்டாதேங்கோ!"