கொடும்பாவிக்குக் கொள்ளி

வன்னியபெருமாள்: நிப்பாட்டு... கயித்தக் கீழ போடு! வெயிலம்மா, ரோட்டுல என்னத்த இழுத்துட்டு வாரீங்க?

வெயிலம்மாள்: கொடும்பாவி, ஏட்டையா. மழை பொய்ச்சா பொம்மை கட்டி, ஊரச் சுத்தி இழுத்து, ஒப்பாரி வச்சு, சுடுகாட்டுல எரிப்போம்லா. ஒங்களுக்குத் தெரியாததா?

வன்னியபெருமாள்: தெரியும். அதுக்கு எதுக்கு வெள்ளைச் சட்டை, தோள்ல துண்டு?

ஆறுமுகத்தாய்: அம்மணமா இழுக்கச் சொல்லுதியளா?

வன்னியபெருமாள்: ஏட்டி, வாய மூடு. கை ரெண்டும் ஏன் கும்பிட்டுக்கிட்டு இருக்கு?

வெயிலம்மாள்: நீட்டி வச்சா எதையோ கேக்குத மாதிரி இருந்துச்சு.

வன்னியபெருமாள்: இந்த வயிறு?

ஆறுமுகத்தாய்: வைக்கோலு மாட்டுக்கே இல்ல. எலெக்சன் நோட்டீசு நெறயக் கெடந்துச்சு. அமுக்க அமுக்கக் கொள்ளுது, ஏட்டையா.

வன்னியபெருமாள்: அடிப்பாவிகளா... அமைச்சர் காரு இப்பம் இந்த வழியாத்தான் வருது. பாத்துட்டாருன்னா ஒங்களுக்கு லாக்கப்பு, எனக்கு வேலை காலி.

வெயிலம்மாள்: அவிய ஏன் கோவப்படுதாவ? அவிய சொல்லித்தான் செய்யுதோம்.

வன்னியபெருமாள்: என்னது!

வெயிலம்மாள்: ரேடியோவுல பேசுனாவல்லா... அரிசி வெலை ஏறுனதுக்கும், சீனி, மண்ணெண்ணெ கெடைக்காததுக்கும், நாடே நொடிச்சுப் போனதுக்கும் மழை இல்லாததுதான் காரணமாம். அரசாங்கத்து மேல ஒரு தப்பும் இல்லையாம். சரி, நாட்டுக்கு நம்மளால ஆனதுன்னு...

வன்னியபெருமாள்: இவ வேலை பாத்த தீப்பெட்டியாபீசப் பூட்டுனதுக்குமா? மழை பெஞ்சா குச்சியே காயாதே!

ஆறுமுகத்தாய்: நானும் அதத்தான் யோசிச்சேன். வேலைதான் போயிருச்சே, யோசிக்க நேரம் நெறய இருக்கு. படிச்சவிய சொன்னா சரியா இருக்கும்னு விட்டுட்டேன்.

வன்னியபெருமாள்: ம்... ஆமா, ஆம்பளைய ஒருத்தரையும் காணும்?

வெயிலம்மாள்: பொழைக்கப் போயிட்டாவ. எம்மவன் பம்பாய்க்குப் போனான். பொங்கலுக்கு முந்திப் போனவன்... ஒரு சேதி இல்ல. இந்தத் தடவையும் வெதைக்கலன்னா நானும் நெலத்த வித்துட்டுக் கெளம்பணும். வயிறு எரியுது, ஏட்டையா. இத எரிக்காம போமாட்டேன். புடிச்சு உள்ள போடுதியளா, போடுங்க.

வன்னியபெருமாள்: சத்தம் போடாத... கொள்ளி யாரு வைப்பா?

வெயிலம்மாள்: அதுக்குத்தான் முழிக்கோம். பொம்பளைய வைக்கக் கூடாதுல்லா.

வன்னியபெருமாள்: இருங்க, வாரேன்.

ஆறுமுகத்தாய்: ஏட்டையா, எதுக்குத் தொப்பியக் கழத்துதிய?

வன்னியபெருமாள்: எங்க ஊரு எப்போதும்வென்றான்ல எனக்கும் கரிசக்காடு கெடக்கு, தாயி. போட்ட பருத்தி மொளைக்கவே இல்ல. இந்தா, தொப்பியப் புடி. கொள்ளிச்சட்டிய இங்கன கொண்டா. வண்டிப்பாதை வழியாப் போவோம், கார்ல வாரவிய கண்ணுல படாது.

வெயிலம்மாள்: ஒண்ணு இருக்கு, ஏட்டையா. கொள்ளி வைக்கிறவரு செத்தது இன்னாருன்னு பேரு சொல்லி அழணும். அப்பத்தான் மழை எறங்கும். நாங்க பேரு ஒண்ணும் வைக்கல.

வன்னியபெருமாள்: பேரா... மெட்ராசுல இருந்து ஆரம்பிக்கவா, டெல்லியில இருந்து வரவா?