சில்வெஸ்டர் மாஸ்டரின் சரளை வழி

தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் சேஷகிரி ஐயர் அவர்களே, நமது ஞாயிறு சைக்கிள் சங்கத்தின் காரியதரிசி சுந்தரேசன் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாஸ்டரின் துணைவியார் பியாட்ரிஸ் அம்மா அவர்களே, பிரேசர் டவுனிலிருந்தும் ஜீவனஹள்ளியிலிருந்தும் வந்திருக்கும் சங்கத்து அன்பர்களே, எல்லோருக்கும் இந்த ரொட்டிக்கடை பெர்னார்டின் வணக்கம்.

நான் எழுதி வந்ததைப் படிக்கிறேன். எனக்கு எழுத்து வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. நடுவில் யாரும் கேள்வி கேட்டால், விட்ட வரி எதுவென்று தேட வேண்டியிருக்கும். ஆகவே கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மறைந்த டிராயிங் மாஸ்டர் சில்வெஸ்டர் அவர்கள் நல்லவர் என்று எனக்கு முன் பேசிய எல்லோரும் சொன்னார்கள். நல்லவர்தான். அவருடைய படத்துக்குத் தேக்குச் சட்டமா, ஈட்டி மரச் சட்டமா என்று அரை மணி நேரம் பேசினார்கள். அவர் பேரில் வெள்ளிக் கோப்பை வைக்கலாம் என்றார் ஒருவர். கேட்டுக் கேட்டு எனக்கு நெஞ்சு எரிந்தது. அந்த மனிதர் கேட்டது படமா? கோப்பையா? அவர் கேட்டது ஒரு வழி. அந்த வழியைப் பற்றி இந்த மேடையில் யாராவது ஒரு வார்த்தை பேசினீர்களா?

எந்த வழி என்று புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன். ஹுலிமாவு ஏரியைத் தாண்டினால் தார் ரோடு முடிந்து சரளை மண் தொடங்கும். கேழ்வரகுக் கொல்லைகள் நடுவே போய், பன்னேர்கட்டா பக்கத்துக் காட்டுக்குள் நுழைந்து, மறுபக்கம் சந்தை ரோட்டில் ஏறும். நம் பாட்டன் காலத்து மாட்டுவண்டித் தடம் அது. கண்டோன்மெண்ட்டில் துரைகளுக்கு வழிவிட்டு ஓரமாகச் சைக்கிள் ஓட்டிய நம்மை, நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டச் செய்த தடம். அதை நமக்குக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் சில்வெஸ்டர் மாஸ்டர்.

அந்தக் காட்டில் எத்தனை பேர் வழி தவறியிருக்கிறோம்! அதற்காக மாஸ்டர் ஒரு காரியம் செய்தார். பள்ளிக்கூடத்து வெள்ளைப் பெயிண்டை எடுத்துக்கொண்டு போய், திருப்பத்துக்குத் திருப்பம் மரத்தில் பட்டையாக ஒரு குறி வைத்தார். எவ்வளவு அழகான குறி. டிராயிங் மாஸ்டர் அல்லவா. அடுத்த மாதம் போனால் மரங்களைக் காணோம். அடிக்கட்டைதான் இருக்கிறது. விறகு காண்ட்ராக்டரின் மேஸ்திரி அங்கே வெற்றிலை போட்டுக்கொண்டு நிற்கிறான்.

"யாருய்யா வெட்டச் சொன்னது?" என்று மாஸ்டர் கேட்டார்.

"வெள்ளக் குறி போட்ட மரத்த வெட்டணும்னுதானே சாமி எங்களுக்கு ஆர்டர். இந்த வாட்டி குறி ரொம்ப நீட்டா இருந்துச்சு. பெரிய ஆபீசரே வந்து போட்டிருப்பாருன்னு நெனச்சோம்."

நாங்கள் சிரித்துவிட்டோம். மாஸ்டர் சிரிக்கவில்லை. ஒவ்வொரு அடிக்கட்டையாகத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து, "பெர்னார்ட் அண்ணே, இனிமே பெயிண்ட் வேணாம். வாராவாரம் வந்துட்டே இருப்போம். சக்கரம் போன தடமே வழியச் சொல்லும். அத எந்தக் கோடாலியும் வெட்டாது" என்றார். அதற்குப் பிறகு மழையானாலும், கருவேல முள் குத்தினாலும் அவர் ஒரு ஞாயிறுகூட விட்டதில்லை. ஒரு முறை டியூப் கிழிந்து ஒட்டுப்போட வழியில்லை. டயருக்குள் கேழ்வரகு வைக்கோலைத் திணித்து ஓட்டியே வீடு வந்து சேர்ந்தார். கோடாலிக்குத் தப்பிய அந்த வழிக்கு இப்போது பூட்டு வந்திருக்கிறது.

காட்டுக்கு முன்னால் இருக்கும் நிலத்தை ஒரு தோட்ட முதலாளி வாங்கினார். தடத்துக்குக் குறுக்கே இரும்புக் கேட் போட்டார். போர்டு மாட்டினார். கண்டோன்மெண்ட் வழக்கப்படி நாலு பாஷை. தமிழும் இருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தைப் பாருங்கள். சைக்கிளை நிறுத்தி, எழுத்துக் கூட்டி, வாய்விட்டுப் படித்தேன்: "இது பொது வழி அல்ல." ஊருக்கு வெளியே நானே படித்த முதல் வாக்கியம் அது. படித்து முடித்த பிறகுதான் அர்த்தம் தலையில் ஏறியது. எழுத்துத் தெரிந்தவன் படும் கஷ்டம் என்னவென்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அந்தக் கேட்டினால் நமக்குப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சவாரி. கெம்பம்மாவுக்கு? தலையில் பூக்கூடையோடு தினமும் அந்த வழியாகச் சந்தைக்கு நடந்தவள் அவள். இப்போது காட்டையே சுற்றிப் போகிறாள். போய்ச் சேருவதற்குள் பூ வாடிவிடுகிறது. வாயைத் திறந்து கேட்கவும் முடியாது. அவள் புருஷனுக்கு அந்த முதலாளியின் தோட்டத்தில்தான் கூலி வேலை. போன வாரம் நான் தனியாகப் போனபோது, "மாஸ்டர் பரலில்வா?" என்றாள். மாஸ்டர் வரவில்லையா என்று கேட்கிறாள். என்ன சொல்வேன்? அவளுக்காகவும் சேர்த்துத்தான் மாஸ்டர் மனுமேல் மனு எழுதினார். தாலுகா கச்சேரி வாசலில் வெயிலில் காய்ந்தார். கடைசியில் தாலுகா அதிகாரி அமல்தார், பொது வழிதானா என்று நேரில் வந்து பார்க்கிறேன், இதில் போய்வருகிறவர்கள் வந்து சொல்லட்டும் என்று ஒப்புக்கொண்டார். நம் சங்கம் மொத்தமும் வர வசதியாக இருக்கட்டும் என்று ஞாயிற்றுக்கிழமையாகக் கேட்டு வாங்கியவரும் மாஸ்டர்தான்.

அது எந்த ஞாயிறு தெரியுமா? வருகிற ஞாயிறு.

நம் சங்கத்தின் விதி என்ன? உறுப்பினர் ஒருவர் இறந்தால் முப்பது நாள் சவாரி கிடையாது. காரியதரிசியைத் தேடிப் போய்க் கேட்டேன். அவர் பதிலை அப்படியே சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது.

"ரூல் ரூல்தான் பெர்னார்ட் அண்ணே. நம்ம மெம்பர் டென்சில் செத்தப்ப போட்ட ரூல். உங்க மாஸ்டரே கையெழுத்துப் போட்டிருக்காரு. கிளப் பேர்ல யாரும் சைக்கிள் ஏறக்கூடாது."

"சரி, நடந்து போலாமா?"

"நடந்து போனா நாம என்ன சைக்கிள் சங்கம்?"

"அமல்தார் வந்து பாக்குறப்ப அங்க ஒருத்தரும் இல்லன்னா?"

"அடுத்த மாசம் ஒரு மனு போட்டுக்கலாம்."

அடுத்த மாதம்! யாரும் போகாத வழி என்று ஒரு வரி எழுதிவிட்டு அவர் போய்விட்டால், அதற்கு மேல் யாரிடம் மனுப் போடுவது? மாஸ்டரின் வழியை அந்த முதலாளி மூடவில்லை ஐயா. மாஸ்டருக்குத் துக்கம் கொண்டாடி நாமே மூடப் போகிறோம். பெயிண்டால் மரம் போயிற்று. மரியாதையால் வழி போக வேண்டுமா?

நேற்று பியாட்ரிஸ் அம்மா வீட்டுக்குப் போனேன். கேட்கத் தயக்கமாக இருந்தது. காபி ஆறிக்கொண்டிருந்தது. அவரே கேட்டார்.

"என்ன அண்ணே, ஞாயித்துக்கெழம அந்தக் கேட்டுக்கு யார் போறது?"

"சங்கத்துல துக்கம்னு சொல்றாங்கம்மா."

"துக்கம் என் வீட்லதானே? ரோட்ல என்ன துக்கம்? அவர் இருந்திருந்தா உங்க எல்லாரையும் திட்டித் தீர்த்திருப்பாரு. எனக்குத் திட்ட வராது. நீங்களே திட்டிடுங்க."

அவர் உத்தரவுப்படி திட்டிவிட்டேன். பெரியவர்கள் மன்னிக்க வேண்டும்.

சபையோரே, இரங்கல் கூட்டத்தில் உறுதிமொழி எடுப்பது வழக்கம். மறைந்தவரின் பணியைத் தொடர்வோம் என்போம், கைதட்டுவோம், மறந்துவிடுவோம். என் உறுதிமொழி சிறியது. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில், முதல் பூசை முடிந்ததும், மாதா கோயில் வாசலிலிருந்து சைக்கிளில் கிளம்புகிறேன். சங்கத்தின் பேரில் போகக் கூடாது என்றால் ரொட்டிக்கடையின் பேரில் போகிறேன். என்னை நீக்குவதானால் நீக்கிக்கொள்ளுங்கள், அமல்தார் போன பிறகு. ஆனால் ஒரு கிழவன் மட்டும் போய் நின்றால் அதைப் பொது வழி என்று எந்த அமல்தார் எழுதுவார்? அவர் கேட்டது போய்வருகிறவர்களை. நீங்கள் அல்லவா அவர்கள்? கெம்பம்மா சொல்ல முடியாததைச் சொல்ல உங்களுக்கு என்ன பயம்? உங்களுக்கு யார் கூலியை நிறுத்தப் போகிறார்கள்?

தலைவர் அவர்களே, அடுத்தது மௌன அஞ்சலி என்று நிரலில் இருக்கிறது. எழுந்து நின்றால் அப்படியே எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். எனக்கு இந்த ஜனங்களைத் தெரியும். அதற்கு முன்னால், உட்கார்ந்திருக்கும்போதே, ஞாயிறு வருகிறவர்கள் கையைத் தூக்கட்டும். முதலில் உங்கள் கையைத் தூக்குங்கள்.