தப்பிப் பிழைத்த தாய் எலி

எலி வளர்ப்பில் நாற்றம்தான் ஒரே தொந்தரவு, ஐயா. கூண்டைத் தினமும் துடைத்தால் அதுவும் இல்லை.

வெள்ளைப் பெண் எலி என் மனைவியின் செல்லம். அவள் தையல் மெஷினில் உட்கார்ந்தால் அது அவள் தோளில் உட்காரும். அதைக் குட்டி போட வைக்கலாம் என்ற யோசனை என்னுடையது. கால்நடை மருத்துவர் உள்ளங்கையில் திருப்பிப் பார்த்துவிட்டு, "வயசு தாண்டிடுச்சுங்க. முதல் பிரசவத்தை இது தாங்காது," என்றார்.

"கேட்டீங்கல்ல? அந்தப் பேச்சையே விட்டுடுங்க," என்றாள் மனைவி, வெளியே வந்ததும்.

அவளுக்கும் ஒரு மருத்துவர் இதையேதான் சொல்லியிருந்தார். பிறவியிலேயே பலவீனமான இதயம். பிள்ளைப்பேறு கூடவே கூடாது. கல்யாணத்துக்கு முன்பே எனக்குத் தெரியும். அவள் அதை ஏற்றுக்கொண்டுவிட்டாள். டாக்டர்கள் ஒன்றைப் பத்தாக்கிச் சொல்கிறவர்கள் என்று எனக்குத்தான் தோன்றிக்கொண்டே இருந்தது. சோதித்துப் பார்ப்பதில் என்ன தவறு?

அவள் தைத்த துணியைக் கொடுக்கப் போயிருந்தபோது, கடையிலிருந்து வாங்கி வந்த ஆண் எலியைக் கூண்டில் விட்டேன். வயிறு உப்பியதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. "செத்துடும்னு தெரிஞ்சே செஞ்சீங்களா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு என்னோடு சரியாகப் பேசவில்லை. பிரசவத்தன்று நகத்தைக் கடித்தபடி கூண்டருகிலேயே கிடந்தாள். கண் திறக்காத குட்டிகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. தாய் பிழைத்துக்கொண்டது. "தப்பிச்சிட்டா," என்று அழுதாள். அவளுக்கும் ஆசை வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

அவளுடைய மாத்திரைகளை வாரத்துக்கு ஒருமுறை டப்பாவில் பிரித்துப் போடுவது என் வேலை. கருத்தடை மாத்திரை இருக்க வேண்டிய இடத்தில், அதே நிறத்தில் ஒரு சத்து மாத்திரையைப் போட்டேன்.

"ஏங்க, ஒரு நாள்கூட விடலையே. எப்படிங்க ஆச்சு?" என்று கேட்டாள், நாள் தள்ளிப்போனதும்.

தலையைத் தடவிக் கொடுத்தேன். "எலியே பெத்துப் பொழைச்சிடுச்சு. உனக்கென்ன?"

பரிசோதனை முடிவைச் சொல்ல மருத்துவமனையிலிருந்து போன் வந்தபோது நான்தான் எடுத்தேன். உடனே கலைத்துவிட வேண்டும், தாமதித்தால் உயிருக்கு ஆபத்து என்றார்கள். "பயப்பட ஒண்ணுமில்லையாம்," என்று அவளிடம் சொன்னேன். அவள் என்னை நம்பினாள்.

ஆறாம் மாதம், மாடிப்படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

நீங்கள் கேட்டதற்கு என் பதில்: ஆமாம், மாத்திரையை மாற்றியது நான். டாக்டர் சொன்னதை மறைத்ததும் நான். ஆனால் கொலை என்று மட்டும் எழுதாதீர்கள், ஐயா. பயந்து பயந்தே வாழ்ந்தவளுக்குத் தைரியம் கொடுத்த ஒரே ஆள் நான்தான்.