இதயத்துக்குப் பின்னால் ஒரு நிழல்

மேடையில் அமர்ந்திருக்கும் மருத்துவமனைத் தலைவர் அவர்களே, துயரத்தோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும், மறைந்த நம் டாக்டரின் துணைவியார் அவர்களே, வெள்ளை அங்கியைக் கழற்றக்கூட நேரமின்றிப் பணியிலிருந்து அப்படியே ஓடிவந்திருக்கும் தோழர்களே, வணக்கம்.

நம் எக்ஸ்ரே பிரிவின் தலைமை மருத்துவரை நாம் யாரும் பதவியைச் சொல்லி அழைத்ததில்லை. பிளாஸ்திரி டாக்டர்! அப்படித்தானே? எந்த நெஞ்சுப் படமானாலும் நோயாளியின் பெயர்மேல் ஒரு துண்டு பிளாஸ்திரியை ஒட்டிவிட்டுத்தான் பார்ப்பார். படங்கள் கணினிக்கு வந்த பிறகும் திரையின் மூலையில் ஒட்டினார். பசையைச் சுரண்டிச் சுரண்டி அலுத்துப்போன கணினிப் பிரிவுக்காரர்கள் அவரிடம் சண்டைக்கே வந்தார்கள். பெயரைப் பார்த்தால் மனசு ஆளைப் பார்க்கும், படத்தைப் பார்க்காது என்பார். நிமோனியாவா, காசநோயா, கட்டியா என்று அந்தக் கறுப்பு வெள்ளைக்குள் அவர் கண்டு சொன்னவை எத்தனை ஆயிரம்!

நுரையீரல் மருத்துவரான நான் இன்று ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பதினோரு ஆண்டுகளுக்கு முன் ஊழியர்களுக்கான பரிசோதனை நடந்தது. நூற்றுச் சொச்சம் படங்களைப் பார்த்து எழுதியவள் நான். அவற்றில் என் படமும் ஒன்று. அதை எவ்வளவு நேரம் பார்த்திருப்பேன்? கண் சிமிட்டும் நேரம். இயல்பாக உள்ளது என்று கையெழுத்தும் போட்டேன்.

நாங்கள் பார்த்த படங்களை யாரும் கேட்காமலே சனிக்கிழமை மதியம் இரண்டாம் முறை பார்ப்பவர் அவர். அந்த வாரச் சனிக்கிழமையும் ஒரு படத்தோடு என் அறைக்கு வந்தார். இதயத்தின் நிழலுக்குப் பின்னால், இடது பக்கம், பட்டாணி அளவில் ஒரு வெண்மை.

"இதை இயல்புன்னு எழுதினது யாரும்மா?"

"நான்தான் சார்."

"படம் யாரோடது?"

பிளாஸ்திரியைப் பிரித்துப் பார்த்தேன். "அதுவும் நான்தான் சார்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். என் மகளுக்கு என்ன வயது என்று மட்டும் கேட்டார். நாலு என்றேன்.

"அப்ப திங்கட்கிழமை வரைக்கும் காத்திருக்க வேணாம். எந்திரி."

சி.டி. ஸ்கேன் அறை வரைக்கும் என்னோடு நடந்து வந்தார். புற்றுநோய்தான். ஆனால் பரவுவதற்குள் பிடிபட்டுவிட்டது. நுரையீரலில் அந்தப் பகுதியை மட்டும் எடுத்தார்கள்.

என் மகளுக்கு இப்போது பதினைந்து வயது. என்னைவிட உயரமாகிவிட்டாள், எதிர்த்தும் பேசுகிறாள். பேசட்டுமே! எதிர்த்துப் பேச அவளுக்கு ஒரு தாய் இருப்பது யாரால்? ஐயா, உங்களால்! நன்றி சொல்ல வந்தபோதெல்லாம் போய் வேலையைப் பார் என்று துரத்திவிடுவீர்கள். இன்று துரத்த முடியாது அல்லவா? நன்றி ஐயா.

அவருடைய சனிக்கிழமை மதியங்களை இனி நான் எடுத்துக்கொள்கிறேன். இங்கே யார் பார்த்த படமானாலும் இன்னொரு கண் பார்க்காமல் வெளியே போகாது. அவர் துணைவியார் முன்னிலையில் இது நான் தரும் வாக்கு.

ஒரே ஒரு படத்தை மட்டும் நான் பார்க்கக் கூடாது. இந்த மாதம் எனக்கு வருடாந்தரப் படம் எடுக்க வேண்டும். பதினோரு ஆண்டும் அவர்தான் பார்த்தார். உங்களில் யார் பார்ப்பீர்கள்? கையைத் தூக்குங்கள். ஒரு கையையாவது பார்த்துவிட்டுத்தான் மேடையிலிருந்து இறங்குவேன்.